தன்வினையில் எழுதப்படும் வரலாறு

அண்மையில் ஒரு கருத்தரங்கில், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இருந்த ரூஸ்வெல்ட் ரேஸ்வே என்னும் குதிரைவண்டிப் பந்தயத் திடலைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கேட்டேன். காலம் மாறியது, ரசனை மாறியது, திடல் மறைந்தது என்று அது முடிந்தது. அவையில் கைதட்டல். மூன்று வினைகளும் தன்வினைகள். மாற்றியவர் யார், மறைத்தவர் யார் என்று கேட்க அமர்வில் நேரம் கிடைக்கவில்லை. ஆகவே இங்கே கேட்கிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சொல். சல்க்கி என்னும் இருசக்கர இலகுவண்டியில் ஒற்றைக் குதிரையைப் பூட்டி ஓட்டும் பந்தயம் இது. நம்மூர் ரேக்ளாவை நினைவூட்டும். ஆனால் இங்கே குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக்கூடாது. எதிரெதிர்ப் பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்தெழும் டிராட், ஒரே பக்கத்து இரு கால்களும் சேர்ந்தெழும் பேஸ் ஆகிய இரண்டே அனுமதிக்கப்பட்ட நடைகள். பாய்ச்சலில் இறங்கிய குதிரையை ஓட்டுநர் இழுத்துப் பிடித்து மீண்டும் நடைக்குக் கொண்டுவர வேண்டும்.

இனித் திடலுக்கு வருவோம். அந்த நிலம் முதலில் வானூர்தித் தளத்தின் பகுதி. முதல் உலகப்போரில் 1918இல் இறந்த குவென்டின் ரூஸ்வெல்ட்டின் பெயரால் அமைந்த அத்தளத்திலிருந்துதான் 1927 மே 20 அன்று லிண்ட்பெர்க் பாரிசுக்குப் புறப்பட்டார். 1936இல் அங்கே மோட்டார் பந்தயத் தடம் எழுந்தது. அவ்வாண்டு நுவோலாரியும் அடுத்த ஆண்டு ரோசமையரும் வாண்டர்பில்ட் கோப்பையை வென்றனர். இரண்டே பந்தயங்களோடு அந்த முயற்சி முடிந்தது.

அங்கே குதிரைவண்டி வந்தது எப்படி? 1939இல் நியூயார்க் மாநிலம் தன் அரசியலமைப்பைத் திருத்திப் பரிமியூச்சுவல் சூதாட்டத்தை அனுமதித்தது. பந்தயப் பணத்தையெல்லாம் ஒரே தொகுப்பாகத் திரட்டி, அரசும் திடலும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டபின், எஞ்சியதை வென்றவர்களுக்குப் பிரித்தளிக்கும் முறை அது. மறு ஆண்டே, 1940 செப்டம்பரில், வழக்கறிஞர் ஜார்ஜ் மார்ட்டன் லெவியின் குழு மின்னொளியில் இரவுப் பந்தயங்களைத் தொடங்கியது. ரசனைக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. கிராமச் சந்தைகளின் பகற்பொழுது விளையாட்டு, சட்டம் திறந்த வாயில் வழியாகவே மாநகரத்தின் இரவுக்குள் நுழைந்தது.

திடலின் சாதனைகளை நான் மறுக்கவில்லை. ஓடிவரும் குதிரைகளை ஒரே வரிசையில் தொடங்கச் செய்வது பெரும்பாடு. வரிசை கலைந்தால் திரும்ப அழைத்து மீண்டும் தொடங்க வேண்டும். இருபுறமும் சிறகு விரித்த காரின் பின்னே குதிரைகளை அணிவகுத்து வரச்செய்யும் நகரும் தொடக்கவாயில் 1946இல் இங்கே பயன்பாட்டுக்கு வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. 1959இல் தொடங்கிய சர்வதேச டிராட் பந்தயத்தைப் பிரான்சின் ஜமாங் வென்றது. மறு ஆண்டு அப்பந்தயத்தைக் காண ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

ஆனால் நினைவேக்க வரலாறு இந்த ஆல்பத்தோடு நின்றுவிடுகிறது. சூதாட்டத் தரகர்களைத் திடலிலிருந்து விலக்கிவைக்க, நிழலுலகத் தலைவர் ஃபிராங்க் காஸ்டெல்லோவுக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் வீதம் நான்காண்டுகள் லெவி பணம் கொடுத்தது கீஃபாவர் குழுவின் விசாரணையில் வெளிவந்தது. 1963 நவம்பரில், குதிரைகள் மோதிச் சரிந்த ஒரு பந்தயத்தின் முடிவு செல்லும் என்று அறிவிக்கப்பட்டதும், பணம் கட்டியவர்கள் கலவரத்தில் இறங்கினர். அந்தக் கூட்டத்தை விளையாட்டு ரசிகர்கள் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது நேர்மையன்று.

சரிவின் கதையிலும் எழுவாய்கள் உண்டு. 1971இல் நியூயார்க் மாநகரம் திடலுக்கு வெளியே பந்தயம் கட்டும் கடைகளைத் தானே திறந்தது. 1976இல் நியூ ஜெர்சியின் பொது அமைப்பு ஒன்று மெடோலண்ட்ஸ் திடலைத் திறந்தது. இரண்டும் அரசுகளின் முடிவுகள். 1984இல் ரூஸ்வெல்ட் ரேஸ்வே கைமாறியபோது, அது பந்தயத் திடலாகவே தொடரும் என்ற நிபந்தனையின் பேரில் வரிவிலக்குப் பெற்ற பொதுப் பத்திரங்களின் வழியே நிதி திரட்டித் தரப்பட்டது. 1988 ஜூலை 15 அன்று புதிய உரிமையாளர்கள் திடலை மூடினர். இன்று அங்கே குடியிருப்புகளும் கடைகளும் நிற்கின்றன. நிபந்தனை என்ன ஆனது என்பதே வரலாற்றாசிரியர் கேட்க வேண்டிய முதற்கேள்வி. அக்கட்டுரையில் பத்திரம் என்ற சொல்லே இல்லை.

கூட்டம் குறைந்தது உண்மைதானே என்பீர்கள். உண்மைதான். கூட்டக்குறைவு நட்டத்தை விளக்கும். பொதுச்சலுகையில் வாங்கிய நிலம் நான்கே ஆண்டுகளில் வேறு பயனுக்குத் திறந்துவிடப்பட்டதை விளக்காது. அதே மாநிலத்தில், அதே விளையாட்டுக்கு, யோங்கர்ஸ் திடல் இருக்கிறது. அங்கும் கூட்டம் குறைந்தது. 2001இல் மாநிலம் பந்தயத் திடல்களில் சூதாட்ட எந்திரங்களை அனுமதித்துச் சட்டம் இயற்றியது, 2006இல் அவை யோங்கர்சுக்கு வந்தன, பந்தயம் தொடர்ந்தது. ரசனை ஒன்றே கொன்றதென்றால் இரண்டும் செத்திருக்க வேண்டும். சட்டம் ஒன்றைப் பெற்றது, ஒன்றைப் பிழைக்க வைத்தது, ஒன்றைக் கைவிட்டது.

மொழியியல் படித்தவன் என்பதால் இதை இலக்கணமாகவே பார்க்கிறேன். 'மறைந்தது', 'மறைத்தது' என்ற இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு மெய்யெழுத்து வேறுபாடு. மெல்லினம் வல்லினமானால் போதும், பொறுப்பேற்க ஒருவர் வந்து நிற்க வேண்டியதாகிவிடும். 'மூடப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினை செய்தவரைச் சொல்லாமல் விடும் வசதியையாவது ஒப்புக்கொள்கிறது. தன்வினையோ செய்தவரே இல்லை என்று சாதிக்கிறது.

நம் நாட்டிலும் பந்தயத் திடல்களின் குத்தகைகள் வழக்குமன்றப் படிகளில் நிற்கின்றன. நாளை அவற்றின் வரலாற்றை எழுதப்போகும் மாணவ நண்பர்களே, பழைய நிழற்படங்களைத் தேடுமுன் குத்தகைப் பத்திரத்தையும் வரிச்சட்டத்தையும் நிலப்பயன்பாட்டு ஆணையையும் தேடுங்கள். பின்னர் உங்கள் இறுதிப் பத்தியில் உள்ள ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் கண்டுபிடியுங்கள். கிடைக்காத வினை ஒன்றேனும் இருந்தால் ஆய்வு இன்னும் முடியவில்லை என்று பொருள்.