நடைப்பிணமும் துப்பாக்கியும்

இறந்தோர் எழுந்து நடமாடி உயிருள்ளோரைக் கடித்துண்ணும் ஊழி ஒன்று வந்துறுமாயின், கையில் ஏந்தத்தக்க துப்பாக்கி எது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா வெறும் வேடிக்கைப் பேச்சாக நின்றுவிடவில்லை. மக்ஸ் புறூக்ஸ் என்பார் 2003 இல் வெளியிட்ட அங்கதக் கைந்நூல் இதற்கான ஆயுதங்களை வகைவகையாகத் தரம் பிரித்தது. பின்னர் ஸொம்பியின் பெயர் பொறித்த ரவைகளே கடைகளில் விற்பனைக்கு வந்தன. கற்பனைப் பிணத்தின் பெயரால் மெய்யான ரவை விற்கப்படுமாயின், அக்கற்பனையை ஆராய்வது வீண்வேலை ஆகாது.

வாதிடுவோரை மூன்று கட்சியினராக வகுக்கலாம். முதற் கட்சியினர் 12 போர் சொட்கன்னை ஏற்றிப் போற்றுவர். அண்மையில் வரும் பகையை அது ஒரே வெடியில் வீழ்த்தும் என்பர். இரண்டாங் கட்சியினர் .22 றைபிளே உகந்தது என்பர். 12 போர் தோட்டா ஒன்று ஏறத்தாழ 45 கிராம் நிறையுடையது; .22 ரவையோ நான்கு கிராமைத் தாண்டாது. எனவே 100 தோட்டாக்களின் சுமைக்கு ஈடாக 1000 இற்கு மேற்பட்ட சிறு ரவைகளை ஒருவன் சுமக்கலாம் என்பது அவர்தம் கணக்கு. மூன்றாங் கட்சியினர் இராணுவ வகை றைபிளின் வீச்சையும் வேகத்தையும் காட்டி ஏனைய இருவரையும் மறுப்பர். பாரம், வீச்சு, ஓசை, பழுதுபார்க்கும் எளிமை என்றவாறு விரியும் இவ்வாதங்களில் நுணுக்கம் இல்லையெனக் கூறவியலாது.

எனினும் இம்மூன்று கட்சியினரும் ஒரு வினாவை மட்டும் எழுப்புவதேயில்லை. எதிரே வருபவன் பிணமா, மனிதனா? அதனை யார், எவ்வாறு, எத்தனை கணத்துள் தீர்மானிப்பது? இவர்தம் உரையாடலில் அத்தீர்ப்பு முன்னரே வழங்கப்பட்டுவிடுகின்றது. வீட்டுக்கு வெளியே நிற்போர் யாவரும் பிணங்கள். உள்ளே இருப்பவன் மட்டுமே மனிதன். இவ்வெடுகோளை ஒப்புக்கொண்ட பின்னர் எஞ்சுவது கருவியைத் தெரிதல் ஒன்றே.

இவ்வெடுகோள் எங்கிருந்து வந்தது என்பதை வரலாறு காட்டும். ஸொம்பி பிறந்த மண் ஹெயிற்றி. பிரெஞ்சுக் குடியேற்றவாதிகளின் கரும்புத் தோட்டங்களிலே ஆபிரிக்க அடிமைகள் ஆயிரமாயிரமாக மாண்டொழிந்த மண் அது. இறந்த பின்னரும் விடுதலையின்றி, சித்தம் பறிக்கப்பட்டு, எசமானுக்காக உழைக்குமாறு எழுப்பப்படும் உடலே அம்மக்களின் நம்பிக்கையில் ஸொம்பியாகும். 1791 இல் கிளர்ந்தெழுந்து 1804 இல் சுதந்திரத்தை நிலைநாட்டிய அவர்கள், ஸொம்பியால் தாக்கப்படுவோம் என்று அஞ்சியதைக் காட்டிலும் தாமே ஸொம்பியாக்கப்படுவோம் என்றே அஞ்சினர். 1915 தொடக்கம் 1934 வரை அமெரிக்கப் படைகள் அந்நாட்டை ஆக்கிரமித்திருந்தன. அக்காலத்திலேதான், வில்லியம் சீபுறூக் 1929 இல் வெளியிட்ட நூலின் வாயிலாகவும், 1932 இல் வெளிவந்த ‘வெள்ளை ஸொம்பி’ திரைப்படத்தின் வாயிலாகவும், இவ்வுருவம் அமெரிக்கப் பொதுமக்களைச் சென்றடைந்தது. அடிமையின் துயரம் அங்கே ஆண்டையின் அச்சமாக உருமாறியது. இரக்கத்துக்குரியவன் இலக்குப் பொருளானான்.

இன்று அறியப்படும் ஊனுண்ணும் நடைப்பிணத்தின் மூலவடிவம் ஜோர்ஜ் றொமேறோ 1968 இல் நெறிப்படுத்திய ‘உயிருள்ள பிணங்களின் இரவு’ என்னும் திரைப்படத்தினது. கறுப்பினத்தவனான அதன் நாயகன் பண்ணைவீடொன்றில் றைபிளைக் கண்டெடுக்கின்றான். துணிவும் மதிநுட்பமும் அவனுக்கு உண்டு. ஆயினும் நிலவறையில் ஒளிவதா, மேலே நின்று காப்பதா என்ற பிணக்கு முற்றித் துப்பாக்கியைப் பறிக்கும் போராட்டமாகின்றது; அவனது ரவை உயிருள்ள மனிதன் ஒருவனையும் வீழ்த்துகின்றது. இரவு முழுவதும் தப்பியிருந்தவன் விடிந்ததும் யன்னலருகே வருகின்றான். மீட்க வந்த ஆயுதக் குழுவினர் அவனைப் பிணமெனக் கருதிச் சுட்டுக் கொன்று, பிணங்களோடு சேர்த்து எரிக்கின்றனர். துப்பாக்கி தேர்வோர் இப்படத்தைத் தம் முதனூலாகக் கொண்டாடுவர். அதன் முடிவை மட்டும் மறந்துவிடுவர்.

திரைப்படம் வேறு, வாழ்க்கை வேறு என்பார்க்கு நியூ ஓர்லியன்ஸ் நகரம் விடையிறுக்கும். 2005 ஓகஸ்ற் 29 இல் கத்றீனா சூறாவளி தாக்கியபின் அந்நகரின் பெரும்பகுதி நீரில் அமிழ்ந்தது. கொள்ளையும் கொலையும் பற்றிய வதந்திகள் பெருகின. அவற்றுட் பல பின்னர் பொய்யென நிறுவப்பட்டன. வெள்ளத்துக்குத் தப்பிய அல்ஜியேர்ஸ் பொயின்ற் குடியிருப்பில் வெள்ளையர் சிலர் விழுந்த மரங்களால் வீதிகளை மறித்துத் துப்பாக்கியுடன் காவல் நின்றனர். நகரைவிட்டு வெளியேறும் பொருட்டு அவ்வழியே வந்த கறுப்பின இளைஞர் மூவர் சொட்கன்னாற் சுடப்பட்டுக் காயமுற்றனர். சுட்டவர் 2018 இல் நீதிமன்றிற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்று அவர் கையிலிருந்த ஆயுதம் செவ்வனே இயங்கியது. பிழைத்தது கண். அதே நாட்களில், சொந்தப் படகுகளோடு வந்த சாதாரண மக்கள் கூரைகளில் தவித்தோரை மீட்டனர் என்பதும் ஈண்டு நினைக்கற்பாலது.

அவ்வாறாயின் பேரிடருக்கு ஆயத்தமாதல் வேண்டாமோ எனச் சிலர் வினவலாம். வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2011 இல் ஸொம்பி ஊழியையே ஒரு சாட்டாகக் கொண்டு மக்களுக்கு அறிவுரை வழங்கியது. நீர், உணவு, மருந்து, வானொலி, போர்வை, முக்கிய பத்திரங்கள், முதலுதவிப் பொருள்கள் என்பன அதன் பட்டியலில் இருந்தன, துப்பாக்கி இருக்கவில்லை. அந்நாட்டில் 2021 ஆம் ஆண்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். வராத பிணத்துக்காக வாங்கிவைக்கப்படும் ஆயுதம், அது வரும்வரை வீட்டிலே, உயிரோடிருப்போர் நடுவே கிடக்கின்றது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

ஆகவே எந்தத் துப்பாக்கி என்னும் வினாவுக்கு விடை தேடுமுன், அவ்வினா எவரையெல்லாம் பிணமாக்கிவிட்டுப் பிறந்தது என்பதை ஆராய்தல் வேண்டும். ஊழிக்காலத்திலே கதவைத் தட்டுபவன் தண்ணீர் கேட்டு வந்த அயலவனாகவும் இருக்கக்கூடும். அவன் குரலைக் கேளாது குறிபார்க்கப் பழகியவன் எத்தகைய கருவியை ஏந்தியிருப்பினும், சித்தமிழந்த நடைப்பிணம் அவனே.