மறதிநோயாளர் இல்லமும் மருந்தாளுநர் கடமையும்

முதுமையில் மறதி இயல்பே என்று நம்மவர் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளனர். ஆயினும், ஒருவர் பெயரை மறப்பது வேறு. உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்பதும், தம் வீட்டில் இருந்துகொண்டே 'வீட்டிற்குப் போகவேண்டும்' என்று வாயிலை நோக்கி நடப்பதும் வேறு. பின்னது டிமென்ஷியா எனப்படும் மறதிநோயின் அறிகுறி. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்று, இந்தியாவில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனோருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாக மதிப்பிட்டது. பெண்களிடமும் கிராமங்களிலும் இது மிகுதி என்பதும் அவ்வாய்விற் கண்டதே.

இவர்களைப் பேணுவோர் பெரும்பாலும் மனைவியரும், மகளிரும், மருமக்களுமே. உண்ணச் செய்தல், குளிப்பாட்டுதல், இரவெல்லாம் விழித்திருத்தல் ஆகிய பணிகளைப் பிறர் எளிதில் பங்கிட்டுக்கொள்ள இயலாது. மருந்து பற்றிய சுமையோ அத்தகையதன்று. இரத்த அழுத்தத்திற்கு ஒரு மருத்துவர், நீரிழிவிற்கு வேறொருவர், நினைவாற்றலுக்கு மற்றொருவர் என எழுதிக் கொடுத்த மாத்திரைகள் ஒரே பையில் சேர்ந்து கிடக்கின்றன. எதை எப்பொழுது கொடுப்பது, நோயாளி துப்பிவிட்டால் என்ன செய்வது என்னும் கவலை பேணுபவர் ஒருவர் தலைமேலேயே விழுகிறது. நோயாளியைத் தனியே விட்டு மருத்துவமனையில் அரைநாள் காத்திருக்க அவரால் முடிவதில்லை. மருந்தகத்திற்கு மட்டும் மாதந்தோறும் தவறாமல் வருகிறார். ஆகவே, அவர் அடிக்கடி காணும் சுகாதாரத் துறையினர் மருந்தாளுநரே. இவ்வாய்ப்பை நாம் வீணாக்கி வருகிறோம் என்பதே என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். இந்நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் என்னும் மருந்து, மூளையில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் விரைவிற் சிதையாதபடி காக்கிறது. நோயை அது நீக்குவதில்லை. சிலருக்கு அறிகுறிகளைச் சற்றுத் தணிக்கிறது. சளிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமின், அதே அசிட்டைல்கோலினின் செயலைத் தடுக்கிறது. முதியவருக்குச் சளி பிடித்ததென்று மருமகள் அம்மாத்திரையைக் கொடுக்கிறார். அன்றிரவே குழப்பம் மிகுகிறது, மலம் கட்டுகிறது, சிறுநீர் தங்குகிறது. நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் கலங்குகின்றனர். இன்னும் ஒன்று: டோனெபெசிலால் சிலருக்குச் சிறுநீரை அடக்க இயலாமற் போகும். அதனைப் புதியதொரு நோயெனக் கொண்டு ஆக்ஸிபியூட்டினின் சேர்க்கப்பட்டால், ஒரு மருந்து மற்றொன்றின் பயனை அழிக்கும். பையை முழுவதும் திறந்து பார்க்கும் மருந்தாளுநர் இதனை உடனே கண்டுகொள்வார். மருந்தை அவரே மாற்றலாகாது. மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பலாம் அல்லவா?

விழுங்க மறுப்பவருக்கு மாத்திரையைப் பொடித்துச் சோற்றிற் கலப்பது பல வீடுகளில் வழக்கம். மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட 'எஸ்.ஆர்.', 'எக்ஸ்.ஆர்.' குறியுள்ள மாத்திரைகளைப் பொடித்தால், நாள் முழுவதற்கும் உரிய மருந்து ஒரே வேளையில் உடலிற் சேர்ந்துவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

உறக்கமின்றித் தளர்ந்த ஒருவர், 'அவர் இரவில் அடங்கிக் கிடக்க ஏதேனும் கொடுங்கள்' என்று கேட்கும்பொழுது கடமை கடினமாகிறது. மனப்பிறழ்வுக்குரிய மருந்துகள் மறதிநோயுற்ற முதியோரிடையே இறப்பை மிகுவிக்கின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இல் எச்சரித்தது. எனவே மருத்துவரின் சீட்டின்றி மறுத்தல் வேண்டும். ஆனால் வெறுங்கையோடு அனுப்புதல் தகாது. வலி உண்டா, மலச்சிக்கல் உண்டா, சிறுநீர் கழிக்கையில் எரிச்சலா, பகலில் நெடுநேரம் உறங்குகிறாரா என்று வினவி, விடைகளோடு மருத்துவரிடம் அனுப்புக. 'உங்கள் இரத்த அழுத்த மாத்திரையை நீங்கள் சாப்பிட்டீர்களா?' என்றும் கேட்க. அவரை அவ்வாறு கேட்பார் பெரும்பாலும் ஒருவரும் இரார்.

நோயாளிக்கு அறிவுரை கூறுதலை மருந்தாளுநரின் பணியாக 2015ஆம் ஆண்டின் மருந்தாளுகைத் தொழில் ஒழுங்குமுறைகள் ஏற்றுள்ளன. நடைமுறையோ வேறு. பல கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்கும். அதற்கு உரியவர் இரார். இருப்பவருக்கும் விற்பனையில் வருவாயே அன்றி அறிவுரைக்கு ஊதியமில்லை. கடைக்காரரைக் கடிந்து பயனில்லை. விற்பனை நோக்கமற்ற அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதனைத் தொடங்கலாம். இத்தகைய ஒரு குடும்பத்திற்கு மாதம் கால் மணி நேரம் ஒதுக்குவதை மருந்தாளுநரின் வேலைக் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

களப்பணியாளர் இக்குடும்பங்களை நன்கு அறிவர். பாட்டி தன் பெயரை மறந்தாள் என்று அழும் மாணவன் வாயிலாக ஆசிரியரும் அறிவர். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் தொலைபேசி எண்களை அவ்வீடுகளில் எழுதிக் கொடுங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், சளி மாத்திரையும் நாட்டு மருந்தும் உட்பட, ஒரே பையிலிட்டு மருந்தாளுநரிடம் காட்டச் சொல்லுங்கள். பேணுபவர் போய்வரும் அந்த ஒரு மணி நேரம் நோயாளியின் அருகே அமர்ந்திருக்க, அண்டை வீட்டார் ஒருவரை முன்னதாகவே பேசி வையுங்கள்.