கதவுக்கும் ஏலக்காய்க்கும் ஒரே வைத்தியம்

மேஜை நாற்காலிக்கு வருஷத்துக்கு 10 சதவிகிதம் தேய்மானம் எழுதலாம் என்கிறது வருமான வரிக் கணக்கு. பி.காம். படித்தவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பாத்ரூம் கதவுதான் பி.காம். படிக்கவில்லை. மூன்றே வருஷத்தில் அடிப்பாகத்தை முழுசாகத் தேய்த்துவிட்டு, மேல் பாதியை மட்டும் பாலன்ஸ் ஷீட்டில் காட்டும்!

வாடகை வீடு என்றால் இன்னும் விசேஷம். காலி பண்ணுகிற அன்று ஹவுஸ் ஓனர் குனிந்து பார்ப்பார்.

''கதவு இத்துப் போச்சே தம்பி...''

''நான் வர்றப்பவே அப்படித்தான் சார் இருந்துச்சு.''

''பெயிண்ட் புதுசா இருந்துச்சேப்பா!''

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். பெயிண்ட் புதுசு, உள்ளே மரம் இற்றது. ஈரக் கட்டையின் மேல் பெயிண்ட் அடித்தால், உள்ளே இருக்கும் தண்ணீரைப் பூட்டிச் சாவியைத் தொலைத்த மாதிரி. நஷ்டம் மட்டும் உங்கள் அட்வான்ஸுக்கு.

இந்தப் பஞ்சாயத்துக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதியான ஊர் போடிநாயக்கனூர். அங்கே பாதி வியாபாரமே 'காய வைப்பது'தான். பறித்த ஏலக்காயில் சுமார் 80 சதவிகிதம் ஈரம். அதை ஸ்டோரில் சூடேற்றி 10, 12 சதவிகிதத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஏலத்தில் மரியாதை. கொஞ்சம் ஈரம் தங்கினாலும் பூஞ்சை பிடித்துவிடும் என்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும்.

மரத்துக்கும் அதே சட்டம்தான் சார். கட்டையில் ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குச் சாப்பாடு கிடையாது. வயசானதால் எந்த மரமும் இற்றுப் போவதில்லை. நனைந்து, காயாமல் இருப்பதால்தான் இற்றுப் போகிறது. மழை மறைவில் இருக்கும் போடியில் பல காலம் நிற்கிற ஜன்னல், 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டைத் தாண்டினால் சீக்கிரமே படுத்துவிடுவது அதனால்தான். மேலே ஜூனில் பிடிக்கிற மழையும் மூடுபனியும் அதைக் காயவே விடாது.

முதலில் வியாதியைக் கண்டுபிடியுங்கள். வண்டு குடைந்தால் மாவு கொட்டும், அது உளுத்தது. மண்குழாய் ஓடினால் கரையான், அது அரித்தது. பிஸ்கட் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்தோ, பஞ்சு மாதிரி வெளுத்து நார் நாராகவோ இருந்தால் பூஞ்சை, அதுதான் இற்றது. மூன்றுக்கும் ஒரே டப்பா மருந்தை நீட்டும் கடைக்காரரிடம் ஜாக்கிரதை.

இற்றதற்கு வைத்தியம் வரிசை மாறக் கூடாது.

ஒன்று, தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். ஒழுகும் குழாய், உடைந்த ஓடு, தேங்கி நிற்கும் வாசல்.

இரண்டு, காய விடுங்கள்.

மூன்று, இற்றதை வெட்டி எடுங்கள். நல்ல கட்டையிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டினால்தான் மிச்சம் பரவாது. ஒட்டுப் போடும் புதுக் கட்டை வைரம் பாய்ந்ததாக இருக்கட்டும். தேக்கே ஆனாலும் வெளுத்த ஓரப்பகுதி சீக்கிரம் இற்றுவிடும்.

நான்கு, மருந்து. வெங்காரமும் போரிக் பவுடரும் கலந்த கரைசல் பூஞ்சைக்கு எமன். ஆமாம், கேரம் போர்டில் தூவுவீர்களே, அதே போரிக்தான்! குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தண்ணீர் பட்டால் கரைந்து போகும். அதனால் காய்ந்தபின் மேலே பெயிண்ட் அவசியம்.

ஐந்து, பெயிண்ட் அடிக்கும்போது கதவைக் கழற்றி அடி விளிம்பிலும் அடிக்கச் சொல்லுங்கள். நார் முனை ஸ்ட்ரா மாதிரி தண்ணீரை உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றரை அங்குலத்தைத்தான் பெயிண்டர்கள் மிச்சம் பிடிப்பார்கள்.

ஏலத்தோட்டத்தில் அழுகல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிப்பார்கள். அந்தத் துத்தத்தில் இருக்கும் செம்பு மரத்தையும் காக்கும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சொண்டி காமேசம், 1933-ல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு மருந்து கண்டுபிடித்தார். உலகமெங்கும் மரக் கம்பங்களை நிற்க வைத்தது நம்ம ஊர்க்காரர் மருந்து! ஆனால் ஆர்சனிக் விஷமாயிற்றே என்று, 2003 முடிவோடு அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். ஓசியில் கிடைக்கிற பழைய மருந்துக் கட்டையை வெந்நீர் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். புகை ஆளைக் கெடுத்துவிடும்.

கதவு போனால் அட்வான்ஸோடு போச்சு. உத்தரம் அப்படியில்லை. ஊரில் அப்பா அம்மா ஓட்டு வீட்டில் இருக்கிறார்களா? உத்தரம் சுவருக்குள் நுழைகிற முனைதான் முதலில் இற்றுப் போகும். சுவர் ஈரத்தை அது குடிக்கும். சிமென்ட் வைத்து அடைத்திருந்தால் காற்றும் இல்லை. வெளியே பார்த்தால் ராஜா மாதிரி நிற்கும்.

தீபாவளிக்குப் போகும்போது ஸ்வீட் பாக்ஸோடு ஒரு ஸ்க்ரூடிரைவரும் எடுத்துப் போங்கள். அடைமழை நேரம், ஒழுகும் இடம் தானாகத் தெரியும். ஏணி வைத்து அந்த முனையில் குத்திப் பாருங்கள். 'டக்' என்று நின்றால் நிம்மதியாக அதிரசம் சாப்பிடலாம். கேக்கில் இறங்குவது மாதிரி இறங்கினால், பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள். முதலில் அப்பாவின் கட்டிலை அங்கிருந்து நகர்த்துங்கள். அடுத்து முட்டு. அப்புறம் ஆசாரி.