பிறர் குறை உங்கள் தகுதி ஆகாது!



அது 2024 ரமளானின் இறுதிப் பத்து. பெருநாள் முடிந்த சில நாள்களில், 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமையன்று, நாடாளுமன்றத் தேர்தலில் நாம் வாக்களிக்க வேண்டியிருந்தது. விழுப்புரம் தனித் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் ரவிக்குமார், அ.தி.மு.க.வின் பாக்யராஜ், பா.ம.க.வின் முரளிசங்கர், நாம் தமிழர் கட்சியின் களஞ்சியம் ஆகியோர் களத்தில் நின்றனர். வானூரிலும் கோட்டக்குப்பத்திலும் மரக்காணத்திலும் பிரசார வாகனங்கள் ஓயாமல் சுற்றின. ஒலிபெருக்கிகளில் வந்த பேச்சில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியதாகவே இருந்தது: அடுத்த அணி செய்த துரோகம்.

ஓர் அணி மற்றதை அடிமை என்கிறது. மற்றது இதை ஏமாற்றுக்காரர் என்கிறது. இரண்டையும் கேட்டுவிட்டு நாம் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவர் கெட்டவராகவே இருக்கட்டும், நீங்கள் எங்களுக்கு என்ன செய்தீர்கள், இனி என்ன செய்வீர்கள்?

விமர்சனம் கூடாதா?

கூடும். சில நேரங்களில் அது கடமையும் ஆகும். புறம் பேசுவதைக் கடுமையாகத் தடுக்கும் நம் மார்க்கம், அநீதி இழைத்தவரைப் பற்றி முறையிடுவதையும், மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதையும் அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. இமாம் நவவீ அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் இத்தகைய ஆறு சூழல்களைப் பட்டியலிடுகிறார்கள். பொறுப்பில் இருந்துகொண்டு அதை நிறைவேற்றாதவரைப் பற்றி எடுத்துரைப்பதும் அந்த எச்சரிக்கையில் அடங்கும். ஆகவே, பொதுப் பதவியை நாடி வருபவரின் பொது வாழ்வை எடைபோடுவது புறமாகாது.

ஆனால் எல்லை உண்டு. ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு, நம்மை நீதியிலிருந்து வழுவச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆவது வசனம் கட்டளையிடுகிறது. நீதிக்குச் சாட்சியம் சொல்லும்போது அது நமக்கே எதிராகத் திரும்பினாலும் சொல்ல வேண்டும் என்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனம்.

நாட்டின் தேர்தல் நடத்தை விதிமுறைகளும் ஏறக்குறைய இதே எல்லையைத்தான் வகுத்துள்ளன. பிற கட்சியின் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றை விமர்சிக்கலாம். தனிப்பட்ட வாழ்வை இழுக்கக் கூடாது. உறுதிப்படுத்தப்படாத குற்றச்சாட்டுகளை வீசக் கூடாது. சாதி, மத உணர்வுகளைத் தூண்டி வாக்குக் கேட்கக் கூடாது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எதையும் பிரசார மேடையாக்கக் கூடாது. நோன்புக் கஞ்சி அருந்த வரும் வேட்பாளரை விருந்தினராக வரவேற்போம். ஒலிபெருக்கியை மட்டும் அவர் கையில் கொடுக்க வேண்டாம்.

அந்த 12 வாக்குகள்

நியாயமான விமர்சனத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைச் சொல்லலாம். 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் அம்மசோதா 125க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆதரித்த 125 பேரில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர்; பா.ம.க.வின் அன்புமணி ஒருவர். இந்த 12 பேரும் எதிர்த்து வாக்களித்திருந்தால் கணக்கு 113க்கு 117 என்று மாறி, மசோதா தோற்றிருக்கும். தமிழ்நாட்டின் 12 கைகள் உயர்ந்ததால் ஒரு சட்டம் பிழைத்தது என்று தி.மு.க. அணி மேடைகளில் சொல்வது அவதூறல்ல. அவைக்குறிப்பில் உள்ள செய்தி.

இதனால் யாருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றே அன்றைய அ.தி.மு.க. அரசு வாதிட்டது. 2021 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, சட்டத்தைத் திரும்பப் பெற ஒன்றிய அரசை வலியுறுத்துவோம் என்றது. முதல் நோன்புக்கு முந்தைய நாளான 2024 மார்ச் 11 அன்று சட்டத்திற்கான விதிகள் அறிவிக்கப்பட்டபோது, எடப்பாடி பழனிசாமி கண்டனம் தெரிவித்தார். கண்டனத்தை வரவேற்கிறோம். ஆனால் வாக்குக்கும் கண்டனத்துக்கும் இடையில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அன்று தவறு செய்தோம் என்ற ஒரு சொல்லை அந்த வேட்பாளரிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. பா.ம.க.வோ 2024 தேர்தலில் பா.ஜ.க. அணியிலேயே நின்றது, அதன் பதிலை நாம் தேட வேண்டியதில்லை.

இச்சட்டத்தால் வஞ்சிக்கப்பட்டவர்கள் நாம் மட்டுமல்லர். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருப்போரில் பெரும்பாலோர் இந்துக்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளை மட்டும் குறிப்பிட்ட சட்டம் அவர்களுக்கும் கதவைச் சாத்திவிட்டது. முஸ்லிம்களை விலக்கியதைச் சொல்லி நம்மிடம் வாக்குக் கேட்பவர், அந்த முகாமின் வாசலிலும் நின்று இதைச் சொல்ல வேண்டும்.

தராசின் மறு தட்டு

ஒரு தட்டை மட்டும் பார்த்துவிட்டுத் தராசை இறக்கிவைப்பது நீதியல்ல. குடியுரிமைச் சட்டத்திற்கு எதிராக 2021 செப்டம்பரில் சட்டமன்றத் தீர்மானம் நிறைவேற்றிய தி.மு.க.வுக்கு நன்றி சொல்வோம். அதே தி.மு.க., 2019 ஜூலையில் என்.ஐ.ஏ. சட்டத் திருத்தத்தை மக்களவையில் ஆதரித்தது. அம்மசோதா 278க்கு 6 என்ற கணக்கில் நிறைவேறியது. காங்கிரசும் ஆதரித்த பக்கம்தான். தேசியப் புலனாய்வு முகமையின் அதிகாரத்தை விரிவாக்கிய அச்சட்டத்தால் யாருடைய வீட்டுக் கதவுகள் தட்டப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த மேடைகளில் 12 வாக்குகள் பேசப்படுகின்றன. இந்த 278 பேசப்படுவதில்லை. நாம் கேட்டால்தான் பேசப்படும்.

ஆட்சியில் அமராத நாம் தமிழர் கட்சிக்கு ஆட்சிக் கணக்கு இல்லை, சொற்கணக்கு உண்டு. தி.மு.க.வைச் சாட வந்த சீமான், 2023இல் இஸ்லாமியரும் கிறித்தவரும் சாத்தானின் பிள்ளைகளாகிவிட்டதாகப் பேசினார். எதிர்க்கட்சியைத் திட்டத் தொடங்கும் நாக்கு, வாக்களிக்கும் மக்களையே திட்டுவதில் போய் முடிவது இப்படித்தான்.

நாக்கு மூட்டும் தீயை மரக்காணம் கண்ணாலேயே கண்டிருக்கிறது. 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரம் சித்திரை விழாவுக்கு வாகனங்கள் சென்ற நாளில் இங்கு மூண்ட கலவரத்தில் தலித் மக்களின் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் போயின. இன்று அம்மக்களின் துயரத்தைக் கண்டும் காணாமல் இருந்தால், நாளை நம் துயரத்திற்கு யாரைத் துணைக்கு அழைப்போம்?

கடற்கரையின் கணக்கு

பழியுரைகளின் இரைச்சலில் காணாமல் போவது நம் கடற்கரை. உப்பை எடுத்துக்கொள்வோம். மரக்காணம் உப்பளங்களில் வெறுங்காலுடன் உப்பு வாரும் ஆணும் பெண்ணும் மழைக்காலத்தில் வேலையிழக்கின்றனர். தமிழக அரசு அவர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது நல்ல செயல். ஆனால் உப்பு உற்பத்தியை நெறிப்படுத்தும் அதிகாரம் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 58ஆவது இனமாக இருக்கிறது. உப்பு ஆணையரின் தலைமையகம் ஜெய்ப்பூரில் இருக்கிறது. அங்கு வரை எட்டும் குரல் நாடாளுமன்ற உறுப்பினருடையது. கண்ணும் பாதமும் உப்பில் கெட்டுப்போகும் தொழிலாளிக்காக எதை வலியுறுத்துவார் என்று ஒவ்வொரு வேட்பாளரும் சொல்லட்டும்.

அடுத்தது மது. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 14 உயிர்களைக் குடித்தது. அப்போது எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைச் சாடியது. சாடியவர்களின் கணக்கு என்ன? 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தியது தி.மு.க. ஆட்சி. 2003இல் டாஸ்மாக் மூலம் அரசே சில்லறைக் கடைகளை நடத்தத் தொடங்கியது அ.தி.மு.க. ஆட்சியில். 2016 தேர்தலில் ஒருவர் மதுவிலக்கு என்றார், மற்றவர் படிப்படியாக என்றார். கடைகள் இன்றும் திறந்தே இருக்கின்றன. மதுவை ஹராம் என்று நம்பும் சமுதாயம், இவ்விருவரும் ஒருவரையொருவர் சுட்டும் விரல்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் செல்லும் கடற்கரை ரயில்பாதையும் அப்படியே. பா.ம.க.வின் ஆர். வேலு ரயில்வே இணை அமைச்சராக இருந்தார், தி.மு.க. ஒன்றிய ஆட்சியில் பங்கு வகித்தது, பா.ஜ.க. பத்தாண்டுகளுக்கு மேலாக ஆள்கிறது. திட்டம் காகிதத்தில் இருக்கிறது, தண்டவாளம் வரவில்லை. இதில் யார் யாரைக் குறை கூறுவது?

அச்சத்திற்கு அல்ல, அமானிதத்திற்கு

“எங்களுக்குப் போடாவிட்டால் அவர்கள் வந்துவிடுவார்கள்” என்பதே ஒவ்வொரு தேர்தலிலும் நம் மஹல்லாக்களுக்கு வரும் செய்தி. அச்சத்திற்குக் காரணம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர் உதவித்தொகையும், மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் 2022இல் நிறுத்தப்பட்டன. அச்சம் உண்மையானது. ஆனால் அச்சத்தை மட்டுமே பெற்றுக்கொண்டு வாக்கைக் கொடுக்கும் சமுதாயத்திற்கு, அடுத்த தேர்தலிலும் அச்சமே திரும்பக் கிடைக்கும். கேட்டுப் பெற்ற ஒன்றும் கையில் இருக்காது.

நாம் சிறு எண்ணிக்கையினர், நம் கேள்விக்கு என்ன மதிப்பு என்று சோர்ந்துவிட வேண்டாம். 2009இல் இத்தொகுதியின் வெற்றி வித்தியாசம் 2,797 வாக்குகள். 2019இல் அது ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்தைத் தாண்டியது. எந்தத் தேர்தல் எப்படி அமையும் என்பதை அல்லாஹ்வே அறிவான். கேட்பது நம் கடமை.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளே, உங்களைச் சந்திக்க வரும் வேட்பாளர் எவராயினும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் கட்சி நாடாளுமன்றத்தில் எதற்கு எப்படி வாக்களித்தது? இக்கடற்கரைக்கு என்ன செய்தது? எதில் தவறியது? வென்றால் அவையில் முதலில் எழுப்பும் கோரிக்கை எது? எதிரணியின் பெயரைச் சொல்லாமல் பதில் சொல்லச் சொல்லுங்கள். சகோதரிகளே, வாக்கு உங்களுக்கும் அமானிதம். வீட்டு ஆண்கள் சொன்ன சின்னத்தை அப்படியே அழுத்தாமல், நீங்களும் கேட்டறிந்து முடிவெடுங்கள். இளைஞர்களே, கைப்பேசியில் வரும் ஒவ்வொரு பழிச்செய்தியையும் உறுதிப்படுத்தாமல் பரப்பாதீர்கள். அல்ஹுஜுராத் 6ஆவது வசனம் நம்மைத் தடுப்பது இதைத்தான்.

கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் முதல் உரையில் பிறர் குறைகளை அடுக்கவில்லை. தாம் சரியாக நடந்தால் துணை நிற்கவும், தவறினால் திருத்தவும் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். தலைமையை நாடுவோருக்கு அதைவிடச் சிறந்த பிரசார உரை இல்லை.

ஜும்ஆவைத் தவறவிடாதீர்கள், தேர்தல் நாளில் வாக்கையும் தவறவிடாதீர்கள். வாக்கு ஒரு சாட்சியம். யாரைப் பழித்தார்கள் என்பதற்காக அல்ல, எதைச் செய்தார்கள், எதைச் செய்வார்கள் என்று அறிந்து அச்சாட்சியத்தைச் சொல்வோம். வல்ல அல்லாஹ் நம் சாட்சியத்தை நேர்மையானதாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.