அருளுரையும் அரைப்பேரும்

திரைப்படத்தில் ஆன்மிகம் தேடும் வழக்கம் நம்மிடையே வேகமாகப் பரவி வருகிறது. கோயில் மண்டபத்துச் சொற்பொழிவாளர் புராணத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டுப் படக்கதை ஒன்றை எடுத்துக்கொள்கிறார். தேவாலயத்து இளைஞர் கூட்டத்தில் உபதேசியாரும் அவ்வாறே செய்கிறார். கடவுள் மனிதனுக்குள் இருக்கிறார், அன்பே தெய்வம், துன்பம் ஆன்மாவைப் புடம்போடுகிறது என்று கூறிக் கூட்டத்தை முடிக்கின்றனர். படம் பார்ப்பதே பாவமெனச் சபித்த தலைமுறையைவிட இவர்கள் எவ்வளவோ மேல். அதை நாம் மறுக்கவில்லை. படத்தில் அறத்தைத் தேடலாகாது என்பதும் நம் கட்சியன்று. ஆனால் பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் தோட்ட மக்களின் முன்னே இவ்விளக்கங்களை வைக்கும்போது, சில கேள்விகளைக் கேட்டே தீரவேண்டியிருக்கிறது.

முதலில் 'அன்பே சிவம்'. 2003ஆம் ஆண்டு வெளிவந்து வசூலில் தோற்ற இப்படம், இன்று இப்பிரசங்கிகளுக்கு மூலநூல் போலாகிவிட்டது. நல்லசிவம் பொதுவுடைமைக்காரன், நாத்திகன். விபத்தில் உடல் சிதைந்தவன். கன்னியாஸ்திரிகள் அவனைப் பேணி எழுப்புகின்றனர். இதைச் சொல்லுகையில் பிரசங்கியாரின் குரல் தழுதழுக்கிறது. நன்று. அக்கதையின் அச்சாணி யாது? கூலி உயர்வு! ஆலை முதலாளியின் வாய் ஓயாது சிவநாமம் சொல்லுகிறது. தொழிலாளி கூலி கேட்டால் அவன் கை இறுக மூடிக்கொள்கிறது. பக்தியையும் கூலி மறுப்பையும் ஒரே மனிதனிடத்தில் வைத்துக் காட்டியதே அப்படத்தின் துணிவு. அதை விட்டுவிட்டு அன்பை மட்டும் பேசுவது, கரும்புச் சாற்றைக் கீழே கொட்டிவிட்டுச் சக்கையைப் பிரசாதமாக வழங்குவதற்கு ஒப்பாகும்.

தோட்டத்திலே இதனை விளக்கப் பேருரை வேண்டியதில்லை. அங்கே ஒருநாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். காலையிலிருந்து மலையில் நின்றவள், அட்டை கடித்த காலோடு நிறுவைக்கு வந்து, ஓரிரு கிலோ குறைந்த குற்றத்துக்காக அரை மனுஷியாகக் கணக்கில் ஏறுகிறாள். மனிதனுக்குள் கடவுள் இருக்கிறார் என்போர், அரைப்பேருக்குள் எவ்வளவு கடவுள் இருக்கிறார் என்பதையும் கூறட்டும். 2015இல் எழுந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை வர்த்தமானியில் ஏறுவதற்கு 2021 மார்ச் வரை சென்றது. கம்பனிகள் உடனே அதை நீதிமன்றத்துக்கு இழுத்தன. அந்த ஆண்டுகளில் எத்தனை திருவிழாக்கள், எத்தனை அருளுரைகள்! அவற்றுள் ஆயிரம் ரூபாயைப் பற்றிப் பேசியவை எத்தனை?

2013இல் வந்த பாலாவின் 'பரதேசி' இன்னும் நெருக்கமானது. பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கிய நாவலைத் தழுவிய படம் அது. கதை நிகழ்வது தென்னிந்திய மலையில். ஆயினும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் கங்காணியும், உழைக்க உழைக்க வளரும் கடனும் நமக்கும் பழக்கமானவையே. இலங்கையில் அக்கடனைத் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதி, ஆளையும் கடனையும் ஒருங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினர்; 1921இல்தான் சட்டம் அதனை ஒழித்தது. இறுதிக் காட்சியில் நாயகன் கதறும் கதறலை ஊழ்வினை என்று விளக்குவோரும் உளர். ஊழ்வினையாவது! அது கணக்கு எழுதிய பேனாவின் வினை.

பாலாவையும் விட்டுவிடுவதற்கில்லை. டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர். அவருடைய நாவலில் மருத்துவர் தொழிலாளர் பக்கம் நிற்கிறார். படத்திலோ, கொள்ளைநோயில் மக்கள் மடிகையில் ஆடிப்பாடி மதம் பரப்பும் கோமாளியாகிவிடுகிறார். மதத்தைக் கேலி செய்தார் என்பதன்று நம் குறை. துரையின்மீது விழவேண்டிய பார்வை இதனால் பாதிரியின்மீது திரும்பிவிட்டது என்பதே. ஊவாவுக்கு வேறு வகைப் பாதிரியையும் தெரியும். மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் புத்தலப் பகுதியில் பௌத்தக் குடியானவர்களோடு வாழ்ந்தார். எவரையும் மதம் மாற்ற முயன்றாரில்லை. 1987 நவம்பர் 10ஆந் தேதி, திருப்பலி வேளையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் வாழ்வு இன்னும் படமாகவேண்டிய கதை.

அருளுரைகளில் நாம் கேட்டறியாத படம் ஒன்று உண்டு. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஒரே ஆசை: துண்டு நிலம். மோட்சம், ஞானம் எதையும் அவன் கேட்கவில்லை. அரும்பாடுபட்டு நிலத்தை அடைகிறான், இழக்கிறான், முடிவில் அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவற்காரனாக உட்கார்ந்திருக்கிறான். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29ஆந் தேதி காலையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததே, அங்கிருந்தோருக்கு இக்கதையை எவரும் விளக்கவேண்டியதில்லை. அபாயம் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்ததாம். அவர்கள் எழுந்து போகவில்லையாம். எங்கே போவது? நூற்றைம்பது ஆண்டு மண்ணைக் கொத்தியவர்களின் பெயரில் பத்துப் பேர்ச் காணிக்கு உறுதி உண்டா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்தன. புதையுண்டவர்களுக்காகப் பிரார்த்தனைகள் நடந்தன. காணி உறுதியைக் கேட்பதும் பிரார்த்தனைதான் என்று ஒரு பிரசங்கியார் சொல்லியிருந்தால் அவரை வணங்கியிருப்போம்.

தோட்டத்து மக்களுக்கு இவ்வளவு நுட்பம் எட்டாது, அவர்களுக்கு எளிய நீதியே போதும் என்று சிலர் இரங்குகின்றனர். மாசி மாதத்துக் காமன் கூத்தை இவர்கள் பார்த்ததில்லை போலும்! கணவனை எரித்த சிவனிடமே ரதி நியாயம் கேட்கிறாள். லயத்து மக்கள் விடிய விடிய உட்கார்ந்து கேட்கின்றனர். தெய்வத்தைத் தொழுதுகொண்டே அதனிடம் வழக்காடத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அவர்களிடையே படைப்பாளிகளுக்கும் பஞ்சமில்லை. ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப், தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975இல் தயாரித்து நடித்த 'புதிய காற்று' படத்துக்கு வசனம் எழுதினார். சென்னைப் படங்களின் வாய்பாட்டை அப்படம் முற்றாக உதறிவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் மலையகத்தான் தன் கதையைத் தானே சொல்லப் புறப்பட்டான்.

ஆகவே நாம் கேட்பது சிறியதே. அடுத்த முறை தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ தேவாலய முற்றத்திலோ ஒரு படத்தைக் காட்டுங்கள். படம் முடிந்தபின் பிரசங்கியார் சற்று நேரம் அமர்ந்திருக்கட்டும். அன்று அரைப்பேர் வாங்கியவள் எவளோ, அவள் முதலில் எழுந்து பேசட்டும்.