கடலுணவும் கார்ப் பிரயாணமும்

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரிலிருந்து மெக்சிக்கோவின் புவெர்ட்டோ பெனியாஸ்கோ கடற்கரைக்குக் குடும்பத்தோடு காரில் செல்வோர் பலர். லூக்வில் எல்லையிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் ஓடினால் கடல். மீனும் இறாலும் அங்கே தாராளம்.

கடலுணவு பிரயாணிகளுக்கும் ஆகுமானது என அல்குர்ஆன் (5:96) அறிவிக்கிறது. அவ்வசனத்தில் பிரயாணிகளைக் குறிக்கும் ‘ஸய்யாரா’ என்ற சொல்லே இன்றைய அரபியில் மோட்டார் காருக்கும் பெயர். அல்லாஹ்வின் அருள் கரை வரை வந்திருக்கிறது!

ஆனால், மீனோடு வைக்கும் அவரை விதை மசியலில் கவனம் தேவை. அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது அந்நாட்டின் பழைய வழக்கம். கோதுமை ரொட்டி மாவிலும் அது சேர்வதுண்டு. ‘மன்தேக்கா’ என்பார்கள்.

அங்கு செல்லும் பெற்றோரே, வெட்கப்படாமல் விசாரியுங்கள். பிள்ளைகளின் காதுபடவே விசாரியுங்கள். நாளை அவர்கள் தனியே பிரயாணம் போகையில் அந்தக் கேள்வி அவர்களுக்குத் துணை வரும், இன்ஷா அல்லாஹ்.