பூட்டிய அலமாரியில் உயிர்மருந்து

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், 2003ஆம் ஆண்டு, சப்ரினா ஷானன் என்னும் 13 வயது மாணவி பள்ளி உணவகத்தில் பொரித்த உருளைக்கிழங்கு உண்டாள். அவளுக்குப் பால் ஒவ்வாது. பாலாடைக்கட்டி பட்ட இடுக்கியால் அவ்வுணவும் தீண்டப்பட்டதே வினையாயிற்று என்பர். அவளைக் காக்கவல்ல அட்ரினலின் ஊசி அதே பள்ளியில்தான் இருந்தது. ஆயினும் அவளது அலமாரிக்குள் இருந்தது. அவள் பிழைக்கவில்லை. மருந்தின்மையால் நேர்ந்த சாவன்று இது. மருந்து கைக்கெட்டாமையால் நேர்ந்த சாவு.

நிலக்கடலை, இறால், முட்டை, தேனீக் கொட்டு என எதனாலும் கடும் ஒவ்வாமை மூளலாம். தொண்டை வீங்கும், இரத்த அழுத்தம் வீழும். தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே செலுத்தப்படும் அட்ரினலினே முதல் மருந்து. அரிப்புக்குத் தரும் மாத்திரை அதற்கு ஈடாகாது.

சப்ரினாவின் பெயராலேயே ஒன்டாரியோ 2005இல் சட்டம் இயற்றி, ஆசிரியர்க்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மருத்துவர் சீட்டின்றியே பள்ளிகள் இவ்வூசியை வாங்கி வைக்கப் பிரிட்டன் 2017இல் வழிவிட்டது. எனினும் அது தந்தது அனுமதியே, கடமையாக்கவில்லை. பள்ளிக்கு வெளியே உண்பவனுக்கு மட்டும் தொண்டை வீங்காதோ?

பயிலாதவர் கையில் ஊசி ஆபத்து என்பர் சிலர். அளவிட்ட மருந்தோடு, தொடையில் அழுத்தினால் தானே இயங்கும் கருவி அது, மருத்துவரல்லாதார்க்கென்றே ஆக்கப்பட்டது. பயன்படாமலே காலாவதியாகும், வீண்செலவு என்பர் வேறு சிலர். தீயணைப்புக் கருவியும் அவ்வாறே காலாவதியாகிறது. தீப்பற்றவில்லையே என்று எவரேனும் வருந்தியதுண்டோ?

சிங்கப்பூரில் 2015இல் தொடங்கிய திட்டத்தின்படி, வீவக அடுக்குமாடிகளில் இரண்டு புளோக்குகளுக்கு ஒன்றென, மின்தூக்கி முகப்பில் இதய இயக்கமீட்புக் கருவி பொருத்தப்பட்டது. அண்டைவீட்டார் கையும் உயிர் காக்கும் என்று அரசே நம்பியதன் சான்றன்றோ அது? இதயத்திற்கு ஒரு நீதி, மூச்சுக்கு ஒரு நீதியா?

பள்ளியிலும் உணவங்காடியிலும் சமூக மன்றத்திலும் இம்மருந்து பூட்டின்றி இருத்தல் வேண்டும். அதைக் கையாளும் முறை வகுப்பறையிலேயே கற்பிக்கப்படல் வேண்டும். எழுத்தறிவிக்கும் ஆசிரியர் இந்த உயிரறிவையும் ஊட்டுவாராக. சாவி தேடும் வரை மூச்சு காத்திராது.